இருநூற்று எண்பது இடது கைகள்

செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் நாத்தனார் எழுதுகிறேன். நான் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை, வாரத்துக்கு இரண்டு நாள் உங்களைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன். எப்படி என்று யோசித்து இப்போதே முகம் மாற வேண்டாம். போகப்போகச் சொல்கிறேன். கையில் டீ இருந்தால் முதலில் குடித்து முடித்துவிடுங்கள். துணி மேல் கொட்டினால் கறை போகாது.

மூன்று வருஷம் கழித்து எழுதுகிறேன். போனில் பேசலாமென்றால் என் நம்பரை பிளாக் பண்ணிப் பூட்டி வைத்திருக்கிறீர்கள். அண்ணன் போனிலும் பூட்டியிருக்கிறது. அதுவும் உங்கள் வேலையாகத்தான் இருக்கும், அவருக்கு அலாரம் வைக்கவே பக்கத்து வீட்டுப் பையன் வேண்டும். அதனால்தான் தபால். உறை மேல் உங்கள் பெயரை மட்டும் எழுதியிருக்கிறேன். அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கிற ஆள் இல்லை அண்ணன். ஆகவே பயப்படாமல் படியுங்கள், கதவை மட்டும் சாத்திக்கொள்ளுங்கள்.

நான் நாலாம் வகுப்பு, நீங்கள் டிப்ளமோ. எழுத்தில் தப்பு இருந்தால் பேனாவால் வட்டம் போட்டு வையுங்கள். வட்டம் போடுவதில் நீங்கள் கெட்டிக்காரி. அதைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

முதலில் என் சமாசாரம். கடையை விட்டு வந்த பிறகு ஆறு மாதம் சும்மா உட்கார்ந்திருந்தேன். யார் வீட்டுக் கிழிசலையாவது தைத்துக் கொடுப்பேன், மீதி நேரம் சுவரைப் பார்ப்பேன். மகள் இப்போது பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் உட்காருகிறாள். அவள்தான் ஒருநாள், அம்மா நீ வாயை மூடாம பேசுற, கையும் ஓயாம வேலை செய்யுது, ஆன்லைன்ல தையல் சொல்லிக்குடு, இந்த ரெண்டும்தான் அதுக்கு வேணும் என்றாள். நான் சிரித்தேன். படிக்காதவள் டீச்சரானால் படித்தவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்டேன். உன் கிளாசுக்கு வருவாங்க என்றாள். குறும்புக்குச் சொன்னாள். பலித்துவிட்டது.

போனை எங்கே வைப்பது என்பதுதான் முதல் தலைவலி. எதிரே வைத்தால் என் மூஞ்சிதான் தெரிகிறது, துணி தெரியவில்லை. முன்பல் ஒன்று போனதிலிருந்து என் மூஞ்சியை நானே அதிகம் பார்ப்பதில்லை. கடைசியில் கம்பி ஹேங்கர் ஒன்றை வளைத்து, அதில் முன்பக்கம் திறந்த துணிப்பை தைத்து, திரை கீழே பார்க்கப் போனை அதற்குள் போட்டு, மேஜைக்கு நேர் மேலே கொடிக்கயிற்றில் தொங்கவிட்டேன். மேஜையும் இரண்டு கையும் மட்டும்தான் தெரியும். மாணவர்களும் அப்படித்தான் தொங்கவிட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். என் வகுப்பில் யாருக்கும் முகம் கிடையாது, கைதான். முகம் பொய் சொல்லும். கத்தரி பிடிக்கும் கைக்கு அந்தச் சாமர்த்தியம் வராது.

முதல் நாள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி அடுப்பில் பால் என்று எழுந்து போனாள், திரும்பவில்லை. மீதி இருந்தவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். டேப்பை ஸ்டீயரிங் மாதிரிப் பிடிப்பார். ஒரு மணி நேரம் ஒரே ஆளுக்குப் பாடம் எடுத்தேன். மின்விசிறி போட்டால் வெட்டுக்கு வைக்கும் அளவு அட்டை பறக்கும் என்று அதை நிறுத்திவிட்டு, வியர்த்து ஊற்றிக்கொண்டு, நேர்க்கோட்டில் வெட்டுவது எப்படி என்று சொன்னேன். முடிந்ததும் அவர், நன்றி டீச்சர் என்றார். அண்ணி, என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. உங்கள் கடையில் பதினாறு வருஷம் நான் ஏய், இந்தா, அவ, இவ. போனை அணைத்துவிட்டு அந்தத் துணி மேலேயே தலையை வைத்துக் கொஞ்ச நேரம் படுத்திருந்தேன். மகள் வந்து, என்னம்மா தூங்கிட்டியா என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது முப்பத்தொரு பேர். அதில் முப்பத்தொன்றாவது ஆள்தான் நமக்கு வேண்டியவர்.

இரண்டு மாதம் முன்பு, மார்பளவு எடுக்கும் பாடத்தன்று, ரோஜாப்பூ படம் போட்டு ரோஜா என்று ஒருத்தர் சேர்ந்தார். பேச மாட்டார், மைக் ரிப்பேர் என்று எழுதிக் காட்டுவார். சரி, வெட்கப்படும் ஆள் போலிருக்கிறது என்று நினைத்தேன். பிறகு அந்தக் கை துணியை நீவியது. உள்ளங்கையால் இல்லை, புறங்கையால். மூன்று தடவை, முழங்கையைப் பார்த்து. இடது மணிக்கட்டில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு. அண்ணி, அது சுட்ட அன்றைக்கு மருந்து வாங்கி வந்து போட்டது யார்? பதினாறு வருஷம் ஒரே மேஜைக்கு எதிரும் புதிருமாக நின்றவளுக்கு உங்கள் கையைத் தெரியாமல் போகுமா? வளையலைக் கழற்றி வைத்தீர்கள், தழும்பைக் கழற்றி வைக்க முடியாமல் போயிற்று.

அப்போதே பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை. சொல்லிவிட்டால் நீங்கள் ஓடிவிடுவீர்கள். அதற்குப் பிறகு வந்த ஆறு வாரம் மாதிரி ஒரு ஆறு வாரம் என் வாழ்க்கையில் வந்ததில்லை. ரோஜா, கத்தரியைக் காய் நறுக்குவது போல் பிடிக்கக் கூடாது என்பேன். நீங்கள் பிடிப்பதை மாற்றுவீர்கள். ரோஜா, அந்தக் காலரை இன்னொரு தடவை பிரித்துத் தையுங்கள் என்பேன். பிரிப்பீர்கள். உண்மையைச் சொல்கிறேன், காலர் நன்றாகத்தான் இருந்தது. நான்கு தடவை பிரிக்க வைத்தேன். சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்த டிப்ளமோவை நாலாம் வகுப்புக்காரி நூல் நூலாகப் பிரித்த மாதிரி இருந்தது. வகுப்பு முடிந்ததும் தனியாகச் சிரிப்பேன். பக்கத்து வீட்டுக்காரி என்ன விசேஷம் என்று கேட்டாள். பழைய கணக்கில் ஒன்று தீருகிறது என்றேன்.

எதற்கு வந்திருக்கிறீர்கள் என்பதுதான் முதலில் புரியவில்லை. உங்களுக்குத் தெரியாத தையலா? போன மாதம் மகள் தன் போனை நீட்டினாள். அதில் ஒரு விளம்பரம். டிப்ளமோ பெற்ற ஆசிரியையிடம் ஆன்லைனில் தையல் கற்க வாரீர் என்று. உங்கள் பெயர், உங்கள் டிப்ளமோ. பாட வரிசை மட்டும் என்னுடையது. முதல் நாள் நேர்க்கோடு, இரண்டாம் நாள் தலையணை உறை, மூன்றாம் நாள் குழந்தைக் கவுன். போனை ஹேங்கரில் தொங்கவிடும் படம்கூட இருக்கிறது. கத்தரியைக் கடன் கொடுத்தால் அப்புறம் புருஷனையும் கேட்பார்கள் என்று வகுப்பில் நான் சொல்லும் கிண்டல் வரிகூட அப்படியே இருக்கிறது. அண்ணி, என் வேலையை எடுத்தீர்கள். பேரை எடுத்தீர்கள். கிண்டலையாவது விட்டுவைத்திருக்கலாம்.

அன்றைக்குத்தான் சிரிப்பு நின்றது.

நான் கடையை விட்டு வந்த கதையை நீங்கள் மறந்திருக்கலாம், நினைவுபடுத்துகிறேன். பள்ளிக்கூடத்து விளையாட்டு அணிச் சட்டை, நூற்று நாற்பது. ஒரு பக்கம் மட்டும் கோடு அச்சடித்த துணி. தைக்கிற பெண்களுக்கு அன்று வார விடுமுறை. அண்ணன் நூல் வாங்கப் போயிருந்தார். நானும் நீங்களும்தான். முன்பக்கம், பின்பக்கம் எல்லாம் வெட்டி முடித்தேன். சட்டைக் கைக்கான துணியை விரிக்கக்கூட இல்லை. அதற்குள் மகள் பள்ளியில் விழுந்து தாடை கிழிந்துவிட்டது என்று போன் வந்தது. கைத்துணியைத் தொடாதீங்க அண்ணி, நாளைக்கு வந்து நானே பார்த்துக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஓடினேன். அவளுக்கு ஐந்து தையல் போட்டார்கள்.

மறுநாள் வந்தால் கை எல்லாம் வெட்டி, கட்டிக் கிடக்கிறது. அண்ணன் வெட்டியிருப்பார் என்று நினைத்தேன். தைக்கிற பெண்கள் கட்டைப் பிரித்தார்கள். நூற்று நாற்பது சட்டைக்கு இருநூற்று எண்பது கை. அத்தனையும் இடது கை. அந்தத் துணி வேறெங்கும் கிடைக்கவும் இல்லை.

நீங்கள் வாயைத் திறந்து ஒன்று சொன்னீர்கள். போறதுக்கு முன்னாடி அவதான் வெட்டிட்டுப் போனா, நான் கட்டி மட்டும் வெச்சேன் என்றீர்கள். இரண்டு பெண்கள் முன்னால், பள்ளியிலிருந்து வந்திருந்த விளையாட்டு வாத்தியார் முன்னால். நாலாங்கிளாஸ் படிச்சவ கையில கத்தரியைக் குடுத்தா இப்படித்தான் என்றீர்கள். நான் வெட்டவில்லை என்று சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. அண்ணன் பாவம். ஒரு கையை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார். அப்புறம் என்னைப் பார்க்காமலே, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். தொண்டை அடைத்துத்தான் சொன்னார், எனக்குத் தெரியும். என்னைச் சைக்கிள் பின்னால் உட்காரவைத்து, இந்தத் தொழிலுக்குக் கூட்டி வந்த மனுஷன் அவர். உங்கள் பேச்சை நம்பினார், அவ்வளவுதான். அவர் மேல் எனக்கு ஒரு பொட்டுக் கோபம் கிடையாது. இருக்கிற கோபம் முழுக்க உங்களுக்கே. பங்கு போடவில்லை.

அதனால் போன சனிக்கிழமை ஒரு பாடம் வைத்தேன். சட்டைக் கை. ஒரு பக்கம் அச்சடித்த துணி இரண்டு துண்டு எடுத்து வரச் சொன்னேன். துணி எதற்கு அப்படி என்று பஸ் டிரைவர் கேட்டார். காரணமாகத்தான் என்றேன்.

வழக்கமாக நான் முதலில் விளக்கிவிட்டுத்தான் வெட்டச் சொல்வேன். கைக்கு முன்பக்க வளைவு கொஞ்சம் ஆழம், பின்பக்கம் கொஞ்சம் மேடு, அதனால் இடது வேறு வலது வேறு, அச்சும் அச்சும் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி வைத்தால் ஒரே வெட்டில் ஜோடி கிடைக்கும் என்று. அன்றைக்கு வேண்டுமென்றே விளக்கவில்லை. உங்களுக்குத் தெரிந்தபடி விரியுங்கள், பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன். முப்பத்தொரு கட்டத்தில் ஒரு கட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். புறங்கையால் மூன்று நீவல். இரண்டு துண்டையும் அச்சு மேலே பார்க்க அடுக்கினீர்கள். அழகாகத் தெரிய வேண்டும் உங்களுக்கு, எப்போதும் அப்படித்தான். நான் தடுத்திருக்கலாம். ரோஜா, ரொம்ப நேர்த்தி, வெட்டுங்க என்றேன்.

வெட்டுவதற்கு முன்னால் கையின் உச்சியில் பேனாவால் சின்னதாக ஒரு வட்டம் போட்டீர்கள்.

அண்ணி, அந்த வட்டத்தை எட்டி எட்டிப் பார்த்தேன். நடு இடத்தைக் காட்ட நான் கத்தரி நுனியால் ஒரு கொத்து வைப்பேன். கடையில் எல்லாரும் அப்படித்தான். உங்கள் டிப்ளமோவில்தான் வட்டம் போடச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வெட்டிய இரண்டையும் தூக்கிக் காட்டச் சொன்னேன். இரண்டும் இடது. பஸ் டிரைவர், ரோஜாம்மாவுக்கு ரெண்டு பக்கமும் இடது கையா, பஸ் ஏறினா கம்பியை எப்படிப் பிடிப்பீங்க என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

வகுப்பு முடிந்ததும் பரண் மேல் ஏறினேன். கடையை விட்டு வந்த அன்று அழுது முகம் துடைக்க, மேஜையிலிருந்து கையில் கிடைத்த துணியை எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். அது அந்த இருநூற்று எண்பதில் ஒன்று. மூன்று வருஷமாகப் பைக்குள் சுருண்டு கிடந்ததை விரித்துப் பார்த்தேன். உச்சியில் கொத்து இல்லை. பேனா வட்டம். சாக்பீஸ் என்றால் அழிந்திருக்கும். நல்ல பேனாதான் வாங்குகிறீர்கள்.

இப்போது என்னிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்று அந்தக் கை. இன்னொன்று வீடியோ. என் வகுப்பெல்லாம் பதிவாகும், தெரியுமே உங்களுக்கு, அதைப் பார்த்துத்தானே வீட்டுப்பாடம் செய்தீர்கள். என் ஆன்லைன் பக்கத்தைப் பார்க்கிறவர்கள் நாலாயிரத்துச் சொச்சம் பேர். அதில் உங்கள் வகுப்பில் சேர நினைக்கிறவர்களும் இருப்பார்கள். டிப்ளமோ ஆசிரியை, நாலாம் வகுப்புக்காரியிடம் பொய்ப் பெயரில் படித்தார், இரண்டு இடது கை வெட்டினார் என்று தெரிந்தால் எத்தனை பேர் சேருவார்கள் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். கணக்கில் நான் மட்டம்.

எனக்குப் பணம் வேண்டாம். உங்கள் வகுப்பை நீங்கள் நடத்துங்கள், பாட வரிசையையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்றுதான். அந்தக் கையை வெட்டியது யார் என்று அண்ணனிடம் உங்கள் வாயால் சொல்ல வேண்டும். அதன் பிறகு அவர் தன் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டு, நீ வெட்டலைம்மா என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இந்தச் சனிக்கிழமை போகட்டும், அடுத்த சனிக்கிழமை வகுப்பு தொடங்கும் வரை பொறுப்பேன். மூன்று மணிக்கு என் போன் அடித்திருக்காவிட்டால் மூன்றேகாலுக்கு வீடியோ போய்விடும். உங்களை அழவைக்க மூன்று வருஷம் காத்திருந்தவள், கால்மணி நேரத்தில் மனசு மாற மாட்டேன்.

சொல்லும்போது அவரை உட்காரவைத்துச் சொல்லுங்கள். பக்கத்தில் தண்ணீர் வையுங்கள். கூடப்பிறந்தவளைக் காரணமில்லாமல் துரத்திவிட்டோமே என்று அவர் மனசு தாங்காது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், முக்கியமாகக் கையை.

இப்படிக்கு,
உங்கள் அன்பு நாத்தனார், உங்கள் டீச்சர்


ஞாயிற்றுக்கிழமை

மதிப்புக்குரிய முதலாளி அவர்களுக்கு,

உங்களை நான் சின்ன வயசிலிருந்து வா, போ என்றுதான் பேசியிருக்கிறேன். இதில் நீங்கள் என்று எழுதுகிறேன். ஏன் என்று இரண்டாவது பத்தியில் தெரிந்துவிடும், மெதுவாகப் படிக்கிற ஆளாக இருந்தாலும்.

பன்னிரண்டு நாளுக்கு முன்னால் உங்கள் வீட்டுக்கு ஒரு தபால் போட்டேன். அண்ணி பெயருக்கு. அதில் நான் கேட்டிருந்தது ஒன்றுதான், கையை வெட்டியது தான்தான் என்று அண்ணி உங்களிடம் சொல்ல வேண்டும் என்று. சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால் பதில் வந்தது. ஒரு பக்கம்கூட இல்லை. நான் எத்தனையோ தடவை படித்துவிட்டேன். அண்ணி எழுதியிருக்கிறார்: உங்க அண்ணனுக்கு அன்னைக்கு சாயங்காலமே தெரியும். நூல் வாங்கிட்டு வந்தவர் கட்டைப் பிரிச்சார், வட்டத்தைப் பார்த்தார், நீயா வெட்டினேன்னு என்னைக் கேட்டார். ஆமான்னேன். ரெண்டு பேரும் உட்கார்ந்து யோசிச்சோம். முதலாளி வீட்டுத் தப்புன்னு தெரிஞ்சா பள்ளிக்கூடம் இனிமே துணி குடுக்காது, வேலைக்கு இருந்தவ தப்பு, ஆளை நிறுத்திட்டோம்னு சொன்னா சமாளிக்கலாம்னார். அவ என் தங்கச்சி, பொறுத்துப்பா, நாளைக்கு நீ இப்படி இப்படிச் சொல்லுன்னு சொல்லிக் குடுத்தார். நாலாங்கிளாஸ்ங்கிற பேச்சு மட்டும் என்னோடது, அதுக்கு மன்னிச்சுடு. மூணு வருஷமா ஊரும் உறவும் என்னைத்தான் பேய்ங்குது, அவரைப் பாவம்ங்குது. நீயும் உன் கடிதத்தில அதையேதான் எழுதியிருக்கே. உன் நம்பரை அவர் போன்ல நான் பூட்டலை. அவரே போன் கடைக்குப் போய்ப் பூட்டிட்டு வந்தார்.

படித்து முடித்துவிட்டு நான் போய்ப் பாத்திரம் தேய்த்தேன். கழுவி வைத்திருந்ததையே திரும்பத் தேய்த்திருக்கிறேன், மகள் வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது.

நானும் முட்டாள்தான். முப்பது வருஷம் மேஜையில் நின்றவர் நீங்கள். பொத்தான் துளையைப் பார்த்தே எந்தக் கடையில் போட்ட காஜா என்று சொல்கிறவர். அந்தக் கையை எடுத்துப் புரட்டிப் பார்த்தீர்கள் அல்லவா, ரொம்ப நேரம். உங்கள் தொண்டை அடைத்திருக்கிறது என்று மூன்று வருஷம் உங்களுக்காக நானே வக்கீலாக வாதாடிக்கொண்டிருந்தேன். நீங்கள் அந்த நேரம் வட்டத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டிருந்தீர்கள். இப்போது கண்ணை மூடினால் அந்தக் கட்டைவிரல்தான் தெரிகிறது.

மறைத்தும் என்ன கிடைத்தது? பள்ளிக்கூடம் ஒரு வருஷம் துணி கொடுத்தது. அப்புறம் ரெடிமேட் சட்டை மலிவாகக் கிடைக்கிறது என்று வேறு கடைக்குப் போய்விட்டது. கடையையும் மூடினீர்கள். ஒரு வருஷத்துக்கு ஒரு தங்கச்சி. விலையைக் கொஞ்சம் பேசி ஏற்றியிருக்கலாம் நீங்கள்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். சனிக்கிழமை மூன்றேகாலுக்கு வீடியோ போகவில்லை. அழித்துவிட்டேன். பெரிய மனசு என்று நினைக்க வேண்டாம். குறி தப்பு, அவ்வளவுதான். வகுப்பு முடிந்ததும் அண்ணிக்கு என் மகள் போனிலிருந்து பேசினேன். முதல் அரைமணி நேரம் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் நன்றாகத் திட்டிக்கொண்டோம். அவர் என்னைக் காலர் விஷயத்துக்குத் திட்டினார், நான்கு தடவை பிரித்த நூலுக்கு. நியாயம்தான். நான் திட்டியதை இங்கே எழுத முடியாது, தபால்காரர் மரியாதைக்காரர். அதற்குப் பிறகு இரண்டு பேரும் உங்களைப் பற்றிப் பேசினோம். அதற்கு அரைமணி நேரம் போதவில்லை.

முடிவு இதுதான். வருகிற சனிக்கிழமையிலிருந்து என் வகுப்பில் அண்ணியும் ஆசிரியை. காலரும் காஜாவும் அவர் எடுப்பார், அதில் அவர் கை சுத்தம். சொந்தப் பெயரில் வருவார். ரோஜாப்பூவை எடுத்துவிட்டார்.

முதல் பாடம் காலர் இல்லை. சட்டைக் கை. போனை மேலே தொங்கவிடாமல் எதிரே வைத்து, முகம் காட்டி எடுப்பார். நூற்று நாற்பது சட்டைக்கு இருநூற்று எண்பது இடது கையைத் தான் எப்படி வெட்டினார் என்று முதலில் சொல்வார். அது எப்படி நடக்காமல் பார்த்துக்கொள்வது என்று காட்டுவார். அதை யார் தலையில் கட்டினார், யார் யோசனையில் கட்டினார் என்று கடைசியில் சொல்வார். பெயர் சொல்ல வேண்டாம், முதலாளி என்று சொன்னால் போதும் என்று நான்தான் சொன்னேன். நம் கடையில் தைத்த இரண்டு பெண்களையும் அழைத்திருக்கிறேன். இருவரும் வருகிறார்கள். விளையாட்டு வாத்தியார் மனைவி நாலு மாதம் முன்பே என் வகுப்பில் சேர்ந்துவிட்டார், அவர் வீட்டில் சத்தமாக வைத்துத்தான் கேட்பார்களாம். ஆக, பெயர் சொல்லாததால் உங்களுக்குப் பெரிய லாபம் ஒன்றும் இல்லை.

அண்ணி பாடம் எடுக்கப்போவது உங்கள் வீட்டு முன்னறையில். மேஜை அங்கேதான் இருக்கிறது. நீங்கள் வழக்கமாகச் சாய்ந்து படுக்கும் நாற்காலி அதற்குப் பின்னால், சுவரோரம். படத்தில் தெரிவீர்கள். எழுந்து உள்ளே போனாலும் தெரியும், வகுப்பே பார்த்துக்கொண்டிருக்கும். எது வசதியோ செய்யுங்கள். பாடம் முடிகிற வரை மின்விசிறி போடக் கூடாது, அட்டை பறக்கும். வியர்த்தால் துடைத்துக்கொள்ளுங்கள்.

இதை எழுதும்போது சந்தோஷமாக இருக்கிறதா என்று மகள் கேட்டாள். இருக்கிறது என்றேன். அப்புறம் ஏம்மா நிறுத்தி நிறுத்தி எழுதுற என்றாள். பேனா சரியில்லை என்றேன்.

அண்ணி சொல்லிவிட்டார் போலிருக்கிறது, நேற்று மாலையிலிருந்து நீங்கள் போன் செய்துகொண்டிருக்கிறீர்கள். ஐந்து தடவை. பூட்டைத் திறக்க மறுபடியும் அந்தப் போன் கடைக்குப் போனீர்களா, இல்லை பக்கத்து வீட்டுப் பையனா? மூன்று வருஷமாகக் குளிக்கப் போனாலும் போனை வாசற்படியில் வைத்துவிட்டுத்தான் போவேன், அண்ணன் கூப்பிட்டால் கேட்க வேண்டுமே என்று. நேற்று அது மேஜை மேல் அடித்தது. பக்கத்தில் உட்கார்ந்து முழுசாகக் கேட்டேன். ஐந்து தடவையும். எடுக்கவில்லை.

இன்றைக்கும் அடிக்கலாம். நாளைக்கும் அடிக்கலாம். வகுப்பு நேரத்தில் மட்டும் வேண்டாம், மற்ற நேரமெல்லாம் சத்தம் நன்றாக வைத்திருக்கிறேன். எத்தனையாவது தடவை எடுப்பேன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. நான் காத்திருந்த கணக்கு உங்களுக்குத் தெரியும். உங்கள் விரல் ஓய்கிறதா, என் மனசு ஓய்கிறதா, பார்ப்போம்.

நல்ல உடம்போடு, நீண்ட ஆயுசோடு இருங்கள். எனக்கு உங்களிடம் இன்னும் நிறைய நாள் வேலை இருக்கிறது.

இப்படிக்கு,
உங்களிடம் பதினாறு வருஷம் துணி வெட்டியவள்